ஏழாம் ஷீட்டில் உள்ள ஏரி

திருத்தணி
13 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு எழுதும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. நைனாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு நின்றுவிடும், அக்கா கதி என்ன ஆகும் என்றே தெரியாது. உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே அனைவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

அம்மு எழுதுகிறேன். இதுவரை உங்களுக்குத் தனியாக எழுதியதில்லை. நீங்கள் சொல்லி உதயா அக்காவுக்குக் கிடைத்ததே, அந்த வரைபட வேலை, அதை ஒரு மாதமாக நான்தான் செய்கிறேன். பகலில் அக்கா லேப்டாப் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் படுத்த பிறகு, வெளிச்சம் தெரியாமல் கதவிடுக்கில் துப்பட்டாவைச் செருகிவிட்டு நான் வரைகிறேன். உங்கள் ஆர்க்டிக் சமவெளியின் செயற்கைக்கோள் படத்தைத் திரையில் வைத்து, ஏரிகளின் ஓரத்தை மவுஸால் புள்ளி புள்ளியாகத் தொட்டுக்கொண்டே சுற்றி வர வேண்டும். வரைந்து முடித்த ஷீட்டில் அக்கா பெயர்தான் போகும். காரணத்தைக் கேட்காதீர்கள். மலைப் படிக்கட்டில் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

உங்கள் முகாமில் போனும் நெட்டும் கிடையாது, நகரத்து அலுவலகத்துக்கு மெயில் போட்டால் அச்செடுத்து வாரம் ஒரு முறை போகும் தபால் விமானத்தில் அனுப்புவார்கள் என்று அம்மா சொன்னாள். அங்கே யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான் எனக்குத் தைரியம்.

இரண்டு சந்தேகம். ஏரிக்குள் தீவு இருந்தால் அதையும் சுற்றி வரைய வேண்டுமா? ஓர் ஆறு ஏரிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்தால், ஆறு எங்கே முடிந்தது என்று போடுவது?

ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள்
அம்மு


முகாம்
17 ஜூன் 2025

அன்புள்ள அம்முவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. விமானி பெட்டிகளை இறக்கி முடிப்பதற்குள் இதை எழுதிக் கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்புவார்கள். நான் நலம். ஜலதோஷம் மட்டும் போகவில்லை.

யாருக்கும் காட்டவில்லை. காட்டினாலும் இங்கே தமிழ் படிக்க நானும் கரடியும்தான்.

தீவையும் சுற்றி வரைய வேண்டும். ஆறு ஏரிக்குள் நுழையும் இடத்தில் நிறுத்திவிடு, வெளியே வரும் இடத்தில் மறுபடி தொடங்கு. நடுவில் இருப்பது ஏரிக்குச் சொந்தம்.

இங்கே மரம் கிடையாது. சூரியன் மறைவதில்லை, அடிவானத்தில் சுற்றிச் சுற்றி வருகிறது. கொசுவுக்கு மட்டும் நம் ஊரைவிட உடம்பு அதிகம். விமானத்திலிருந்து பார்த்தால் ஏரிகளெல்லாம் ஒரே திசையில் நீண்டு, முறத்தில் தட்டி வைத்த அரிசி போலக் கிடக்கும். காற்று காலம் காலமாகக் கரையை அரித்து அப்படி ஆக்கியிருக்கிறது என்கிறார்கள்.

காரணத்தைக் கேட்கவில்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் தூங்காதே.

அன்புடன்
தணிகைமணி


திருத்தணி
22 ஜூன் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஜலதோஷம் விட்டதா? மிளகு கிடைக்குமா அங்கே?

நீங்கள் கேட்கவில்லை. அதனாலேயே சொல்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அரக்கோணத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டு, "பொண்ணு கண்ணாடி போடுதா?" என்று கேட்டார். எப்போதும் கம்ப்யூட்டரில் வேலை என்று கேள்விப்பட்டார்களாம். நைனா சிரித்துவிட்டார்.

"கண்ணாடியாங்க? எம் பொண்ணு இங்க இருந்துகினே அரக்கோணத்துல போற ரயிலு நம்பரு படிப்பா. தோ பாருங்க. உதயா, ரோட்டுல ஒரு பஸ் வந்துகினு கீதே, எங்கம்மா போவுது அது?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பினாள். "திருப்பதி நைனா" என்றாள்.

எல்லோருக்கும் சந்தோஷம். அந்த ரோட்டில் அந்தப் பக்கம் போகிற பஸ் எல்லாம் திருப்பதிக்குத்தான் போகும் என்பது அரக்கோணத்துக்காரர்களுக்குத் தெரியாது.

மாமா, அக்காவுக்குப் பார்க்கும் இடத்தில் நடுவில் மட்டும் ஒரு கறை. ஓரங்கள் தெரிகின்றன, நேராகப் பார்ப்பது தெரிவதில்லை. சித்திரையிலிருந்தே அப்படி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், "ஆஸ்பத்திரிக்குப் போனா ஊருக்கே தெரிஞ்சிடும்டி, கல்யாணம் ஆவட்டும்" என்கிறாள். ஐப்பசியில் தேதி வைத்திருக்கிறார்கள்.

சத்தியத்தை மீறிவிட்டேன். நீங்கள் தூரத்தில் இருப்பதால் பாதிதான் மீறியதாகக் கணக்கு வைத்துக்கொள்கிறேன்.

ஏழாம் ஷீட்டை நேற்று முடித்து அனுப்பினேன். பெரிய பெரிய ஏரிகள். வேலை கொடுக்கும் சென்னை அலுவலகத்தில் அக்காவைப் பாராட்டி மெயில் போட்டிருக்கிறார்கள்.

அம்மு


முகாம்
1 ஜூலை 2025

அன்புள்ள அம்முவுக்கு,

நலம். மிளகு தீர்ந்துவிட்டது.

உதயாவின் கண்ணை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இது காத்திருக்கிற விஷயம் இல்லை. நீ பேசினால் எடுபடாது என்றால் ஆகஸ்டில் இங்கே வேலை முடிந்ததும் என் பாவா, உன் நைனாவிடம் நானே பேசுகிறேன். அதுவரை உன் வார்த்தையைக் காப்பாற்றுகிறேன்.

ஏழாம் ஷீட் வந்தது. வேறு ஷீட்டுகளில் எல்லாம் பொடி ஏரிகள். நீ அனுப்பியதில்தான் விமானம் இறங்கும் அளவுக்கு நீளமான ஏரி இருக்கிறது, ஆறு வளையும் இடத்துக்கு மேற்கே. எங்கள் தலைவர் அதையே தேர்ந்தெடுத்துவிட்டார். சக்கரத்துக்குப் பதில் மிதவைகள் பொருத்திய சின்ன விமானம் அது. தண்ணீரில்தான் இறங்கும். ஆகஸ்ட் முதல் வாரம் அங்கே இறங்கி, நீர்மட்டம் அளக்கும் கருவியை வைக்க வேண்டும்.

ஷீட்டைத் தலைவர் உன்னிப்பாகப் பார்த்தார். காரணம் உண்டு. இங்கே நிலத்துக்கு அடியில் மண் எப்போதும் உறைந்தே இருக்கும். எங்காவது கரையில் அந்தப் பனி உருகி உடைந்தால் ஏரி முழுவதும் சில நாட்களில் ஆற்றுக்குள் வடிந்துவிடும். கரை அப்படியே இருக்கும், உள்ளே சேறும் புல்லும் ஒரு சாண் தண்ணீரும். மேலிருந்து பார்த்தால் பளபளவென்று ஏரி போலவே தெரியும். போன வருடம் வேறொரு குழுவின் விமானம் அப்படி ஒன்றில் இறங்கி மூக்குக் குத்திக் கவிழ்ந்தது. ஓட்டியவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். உடன் போனவர் இல்லை.

அதனால்தான் ஷீட்டில் "வடிந்த ஏரி" என்று தனி வண்ணம் வைத்திருக்கிறார்கள். உன் ஷீட்டில் அந்த வண்ணமே இல்லை. நல்ல பகுதி என்று தலைவர் சொன்னார்.

அக்காவிடம் நான் கேட்டதாகச் சொல்ல முடியாது உன்னால். மனதுக்குள் சொல்லிக்கொள்.

தணிகைமணி


திருத்தணி
5 ஜூலை 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இங்கே மலைக் கோயிலில் கூட்டம், நைனாவுக்கு ஆட்டோ ஓட்டம் நிற்கவில்லை. ராத்திரி லேட்டாகத்தான் வருகிறார்.

பாடத்துக்காக ஒன்று கேட்கிறேன். கரை நன்றாகத் தெரிந்து, உள்ளே தண்ணீர் குறைவாக இருந்தால் அதை ஏரி என்று போடவே கூடாதா? நம் அம்மையார்குப்பம் ஏரி எத்தனை வருடமாகக் காய்ந்து கிடக்கிறது. அதுவும் ஏரிதானே?

அந்த விமானத்தில் யார் யார் போவார்கள்?

அம்மு


முகாம்
8 ஜூலை 2025

அன்புள்ள அம்முவுக்கு,

நலம். உன் கேள்வியைப் படித்து இங்கே தனியாகச் சிரித்தேன்.

நம் ஊரில் ஏரி என்றால் கரை. தண்ணீர் வரும், போகும். நான் பந்து போட்டுப் பழகியதே அந்த ஏரிக்குள்தான். சாப்பிடும்போது இங்கே அதைச் சொன்னேன், "ஏரிக்குள் கிரிக்கெட் ஆடுவோம்" என்று. நீந்திக்கொண்டே ஆடுவீர்களா என்று கேட்டார்கள். இங்கே தண்ணீர் போனால் ஏரியும் போயிற்று. உன் பாடத்தில் எப்படியோ, வரைபடத்தில் அதுதான் விதி.

விமானத்தில் ஓட்டுகிறவரும் ஓர் உதவியாளரும். ஆகஸ்ட் நான்காம் தேதி காலை. அதற்கு முந்தின தபாலில் உன் கடிதம் இருந்தால் படித்துவிட்டுக் கிளம்புவேன்.

தணிகைமணி


முகாம்
22 ஜூலை 2025

அன்புள்ள அம்முவுக்கு,

போன வாரமும் இந்த வாரமும் உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பரீட்சையா? உடம்பு சரியில்லையா? அக்காவுக்கு எழுதிக் கேட்க முடியாது, உனக்குச் சங்கடம். ஒரு வரி எழுது.

இங்கே கருவிகளைக் கட்டி வைத்தாயிற்று. மூடுபனி தொடங்கியிருக்கிறது.

தணிகைமணி


திருத்தணி
24 ஜூலை 2025

மாமா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

அந்த ஏரியில் இறங்காதீர்கள். அது ஏரி இல்லை. கரையை மட்டும் பார்த்து வரைந்துவிட்டேன். உள்ளே சாம்பலும் பச்சையுமாகத்தான் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் பளபளப்பு. தண்ணீர் இறங்கியிருக்கிறது, மழை வந்தால் ஏறும் என்று நினைத்தேன். "வடிந்த ஏரி" என்ற வண்ணம் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை. அக்காவிடம் கேட்டதற்கு அவளும், "ஏரின்னா ஏரிதான், கரையப் புடிச்சிப் போடு" என்றாள். அவளும் ஏரிக்குள் விளையாடியவள்தானே.

உங்கள் ஜூலை முதல் தேதிக் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும். சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் திருத்திவிடலாம் என்று பார்த்தேன். ஒப்புதல் ஆன ஷீட்டைப் பார்க்கலாம், திருத்தத் திறக்க முடியவில்லை. திறக்க வேண்டும் என்றால் வரைந்தவர் வீடியோவில் வந்து, மேலாளர் எதிரில் படத்தைக் காட்டி விளக்க வேண்டுமாம். அக்காவால் எப்படி முடியும்? நான் சொல்லிக் கொடுக்கிறேன், எந்த மூலை என்று மனப்பாடம் பண்ணு என்றேன். நான்கு இரவுகள் முயன்றோம். திரையில் அவள் விரல் வைத்த இடமெல்லாம் வேறு ஏரி.

"உட்டுட்றி. ஓட்றவனுக்குக் கண்ணு இல்லியா, மேல இருந்து பாத்துக்குவான்" என்றாள். மேலிருந்து பார்த்தால் தெரியாது என்று நீங்கள் எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினேன். நான் உங்களுக்கு எழுதுவது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது, லேப்டாப்பை மூடிவிட்டாள்.

உதவியாளர் நீங்கள்தான் என்று நீங்கள் எழுதவில்லை. படித்துவிட்டுக் கிளம்புவேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

போகாதீர்கள்.

அம்மு


திருத்தணி
31 ஜூலை 2025

மாமா,

நலமாக இருக்கிறீர்களா? இதை எழுதுவதில் பயன் இல்லை என்று தெரிந்தே எழுதுகிறேன்.

இன்று நகரத்து அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. மூடுபனியால் செவ்வாய்க்கிழமைத் தபால் விமானம் போகவில்லை, முகாமுக்கான கடிதங்கள் பத்திரமாகப் பையில் இருக்கின்றன, அடுத்த விமானம் ஆகஸ்ட் ஐந்தாம் தேதி. நீங்கள் கிளம்புவது நான்காம் தேதி.

என் கடிதம் அந்தப் பையில் இருக்கிறது. பையைத் தூக்கிவைத்த அலுவலகத்துப் பெண்ணின் கையில் அது இருந்திருக்கும். போகாதீர்கள் என்று எழுதியிருப்பதை அவர் பார்த்திருப்பார். அவருக்கு அது வெறும் கோடுகள். யாருக்கும் தமிழ் தெரியாது என்பதுதான் தைரியம் என்று உங்களுக்கு எழுதியது ஞாபகம் வருகிறது.

அவசரத்துக்கு முகாமோடு பேச அவர்களிடம் வயர்லெஸ் இருக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நான் ஆங்கிலத்தில் எழுதினால் போதும். ஆனால் யார் நீ, உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அக்கா பெயர் போகும். பிறகு சென்னை, பிறகு நைனா, பிறகு அரக்கோணம்.

இன்று சாயந்திரம் அம்மா கல்யாணத்துக்கு மனைப்பலகை தேடிக்கொண்டிருந்தாள். "மணி லீவு கேட்டுட்டானாம். அவன் இவ கையப் புடிச்சிக் கூட்டினு வந்து இதுல உக்கார வெச்சாத்தான் கல்யாணம்" என்றாள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மு


திருத்தணி
2 ஆகஸ்ட் 2025

(அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் அனுப்பியது. உங்களுக்காகத் தமிழில் எழுதி வைக்கிறேன், மாமா.)

ஐயா, அம்மா,

அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் ஆங்கிலம் சரியில்லாவிட்டால் மன்னிக்கவும். முழுவதும் படிக்க நேரம் இல்லை என்றால் இந்த வரியை மட்டும் படியுங்கள்: ஏழாம் ஷீட்டில், ஆறு வளையும் இடத்துக்கு மேற்கே உள்ள நீளமான ஏரியில் விமானம் இறங்கக் கூடாது. அது வடிந்த ஏரி.

அந்த ஷீட்டில் உதயா என்று பெயர் இருக்கிறது. வரைந்தது அவள் இல்லை, நான். என் பெயர் தேவிப்பிரியா, வயது பதினாறு, பதினோராம் வகுப்பு. என் அக்காவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை. அவளைத் தண்டிக்காதீர்கள்.

எங்கள் ஊரில் தண்ணீர் இல்லாவிட்டாலும் ஏரியை ஏரி என்றுதான் சொல்வோம். அதனால் இந்தத் தவறு.

தயவுசெய்து முகாமுக்கு வயர்லெஸில் சொல்லுங்கள். விமானத்தில் போகும் உதவியாளர் என் மாமா.

தேவிப்பிரியா


திருத்தணி
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை இரவு அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அங்கே சனியும் ஞாயிறும் அலுவலகம் மூடியிருக்கும். இன்று திங்கள். அங்கே இப்போது காலைப் பொழுது தொடங்கி நேரமாகியிருக்கும். பதில் இல்லை. கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, காபி வைத்து, அப்புறம்தான் மெயிலைப் பார்ப்பார்களோ என்னவோ. விமானம் அதற்கு முன்னாலேயே கிளம்பியிருக்கலாம்.

அனுப்பியதை அன்றைக்கே அக்காவிடம் சொன்னேன். "என் கண்ணப் பத்தியும் எழுதினியா?" என்று கேட்டாள். ஆங் என்றேன். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. இப்போதும் பக்கத்தில் படுத்திருக்கிறாள். தூங்கவில்லை.

பொழுது போகாமல் ஏழாம் ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கோடு அழகாகத்தான் இருக்கிறது. எங்கும் உடையவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் ஓர் இடத்தில் கரை உடைந்து வாய்க்கால் மாதிரி ஒரு கீறல் தெரிகிறது. ஏரி வடிந்து போன வழி அதுதான். அன்றைக்கு அதைக் கலங்கல் என்று நினைத்து, அதையும் சேர்த்து வளைத்து வரைந்திருக்கிறேன். ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் போக வழி வேண்டுமே என்று.

பதினோராம் ஷீட் நாளைக்கு அனுப்ப வேண்டியது. ஒரு கோடும் போடவில்லை. இனி யார் போடுவார்கள் என்று தெரியவில்லை. நீங்கள் வந்தால்

கூடத்தில் நைனாவின் போன் அடிக்கிறது. இந்த நேரத்தில் சவாரிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கிறது. அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

நைனா எடுத்துவிட்டார். "ஆங், யாருங்க? ... ஆங்... சத்தமாப் பேசுங்க."

"டேய் மணி! நீயாடா?"

மாமா, அது நீங்கள். அலுவலகத்து வயர்லெஸை போனோடு இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அக்கா என் கையைப் பிடித்து நசுக்குகிறாள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். விரலை நிறுத்த முடியவில்லை.

"நல்லாக் கீறியாடா? இன்னாடா, குரலே செரியில்ல... ஏரியா? எந்த ஏரி? நம்ம அம்முவா?"

நன்றாகக் கேட்க நைனா மின்விசிறியை நிறுத்துகிறார்.

"கண்ணா? யாரு கண்ணு?"

நைனா உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது, நாற்காலி இழுபட்டது. அம்மா எழுந்து வந்து, "இன்னாங்க, தம்பிக்கு இன்னா" என்று கேட்கிறாள். நைனா போனில் "ஆங்" என்கிறார். மறுபடி "ஆங்." அவர் இவ்வளவு மெல்லப் பேசி நான் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டார். நடந்து வருகிறார். துப்பட்டாவை எடுக்க மறந்துவிட்டேன். எடுத்தாலும் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

தட்டுகிறார். நான் எழுந்திருப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டாள், இரண்டு கையாலும் கதவைத் தடவித் தாழ்ப்பாளைத் தேடி